கடைசிப் போஸ்ற்றடி வீடு

சீட்டுக்காசு கைக்கு வந்த கிழமை
அம்மா நகைக்கடைக் கலண்டரை
என் கண்படும் சுவருக்கு மாற்றினாள்.
நான் விசுவமடுவில் பஸ் ஏறிக்
கரடிப்போக்குச் சந்தியில் இறங்கினேன்.

மற்றதெல்லாம் வாங்கியாகிவிட்டது.
கிராபிக்ஸ் காட், வவுனியாவில் ஒருவன்
கனடா போகிற அவசரத்தில் விற்றது.
ராம் இரண்டு குச்சி. விசிறி மூன்று.
ஹெட்செட் எல்லாவற்றுக்கும் முதல் வாங்கியது,
சூட்டுச் சத்தம் அம்மாவின் அறைக்குப் போகக்கூடாதென்று.
பவர் சப்ளை மட்டும்தான் மிச்சம்.
மிச்சக் காசு பத்தொன்பதாயிரம்,
திரும்பி வரும் பஸ்ஸுக்கும் சேர்த்து.

"தம்பிக்கோ?" என்றான் கடைக்கார டிலக்சன்.
"எனக்கு."
அந்தச் சொல் அவன் காதுக்குள் போய்
இருக்க இடம் தேடியது.

பிறகு இரண்டு பெட்டி வைத்தான்.
ஒன்று எழுநூற்றைம்பது வாற்ஸ், நெருப்பெழுத்து,
வானவில் விசிறி, எட்டாயிரத்து ஐந்நூறு.
மற்றது ஐந்நூற்றைம்பது. கறுப்பு. முகமே இல்லை.
பதினெட்டாயிரத்து எழுநூறு.

"கூடின வாற்ஸ், குறைஞ்ச காசு,
பிறகென்ன யோசினை அக்கா?
மிச்சத்துக்குக் கண்ணாடிக் கேஸ் எடுங்கோ.
இது உள்ளுக்க கிடக்கிற சாமான்,
ஆர் பாக்கப்போகினம்?"

பழைய பில்லொன்றின் முதுகில் கணக்குப் போட்டேன்.
காட்டுக்கு நூற்றெழுபது.
(காட் என்ற சொல்லுக்கு நான்காம் வேற்றுமை
வன்னியில் இப்படித்தான் வந்து முடியும்.)
புரொசசருக்கு அறுபத்தைந்து.
சில்லறை எல்லாம் கூட்டினாலும்
முந்நூற்றைம்பது தாண்டாது.

ஆனால் எங்கள் வீடு
ஒழுங்கையின் கடைசிப் போஸ்ற்றடி.
நான் உயர்தரம் எழுதிய வருஷம் இழுத்த கம்பி,
இருபத்தேழு வீட்டுக்குப் பதில் சொல்லிக்
களைத்துத்தான் எங்களிடம் வரும்.
ஆறு மணிக்கு மில்லில் நெல்லுக் குத்தத் தொடங்கினால்
இருநூற்றுமுப்பது நூற்றெழுபதாகும்.
தோட்டத்தில் யாராவது மோட்டர் போட்டால்
அதுவும் இல்லை.
மாரி விட்ட காலையில்
ட்ரான்ஸ்போமரில் மயில் ஏறித் தோகை உலர்த்தும்.
பிறகு கரண்டும் இல்லை, மயிலும் இல்லை.
பில்லின் முதுகில் இதை எந்த வரியில் எழுதுவது?

இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு
பக்கத்து மீன்கடைக்குப் போனேன்.
டிலக்சன் பின்னால் ஓடிவந்தான்.
பாரை நிறுத்த ஈரம் காயாத தட்டில்
பேப்பர் விரித்து வைத்தார் யேசுராசா அண்ணை.
எழுநூற்றைம்பது வாற்ஸ்: எண்ணூற்றிருபது கிராம்.
ஐந்நூற்றைம்பது: இரண்டு கிலோ நூறு.
என்ன சாமானென்று அவர் கேட்கவில்லை.
லேசானதை விரலால் ஒருதரம் சுண்டினார்.
"இதில முள்ளு மட்டும்தான் பிள்ளை."

பாரம் ஒரு சாட்சியே இல்லை என்று
டிலக்சன் வழியெல்லாம் வாதாடினான்.
சரியாகவும் இருக்கலாம்.
வானவில்லைத் திரும்ப அலுமாரியில் வைக்கும்போது
கையில் ஒருமுறை ஏந்தி நிறை பார்த்தான்,
நான் காணாத மாதிரி.

கறுப்புப் பெட்டிக்குள் நாலாய் மடித்த தாளில்
பொடி எழுத்தில் ஒரு வரி கிடந்தது:
வரும் மின்சாரம் நின்றாலும்
பதினாறு மில்லிசெக்கன் தாங்கும்.
ஒரு இமைப்புக்கும் காணாது.
அந்த வரியை மட்டும் மூன்றுதரம் வாசித்தேன்.

நேற்று விடியப்புறம், ஆறுக்குக் கிட்ட.
எதிரணியில் ஒருவன்தான் மிச்சம்.
லைற் ஒருக்கால் இமைத்தது.
திரை இமைக்கவில்லை.
மதிலோரம் நான் ஓடிக்கொண்டேயிருந்தேன்.
காத்தான்குடியிலிருந்து றிஸ்வானா கேட்டாள்,
"நிக்கிறியா, போயிட்டியா?"
"நிக்கிறன்."

மயிலாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.
அந்த நேரத்தில்தான் சுடத் தவறினேன்.